கடற்கரையில் நக்கிப் பார்த்த எலும்பு

எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தார்.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பிடித்த வேனில் கன்னியாகுமரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் டயர் பஞ்சர். டிரைவர் ஜாக்கியை எடுக்கப் போனார். நாங்கள் பனைமரங்களைத் தாண்டி மணலில் இறங்கினோம். எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்றால் பேத்தமங்களா ஏரி. அதற்கு அக்கரை தெரியும். கரையே இல்லாத தண்ணீரைப் பார்த்ததும் பெண்கள் எல்லாம் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டோம்.

என் வீட்டுக்காரர் முனுசாமி எங்களோடு வரவில்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய பாசியையும் கயிற்றுத் துண்டுகளையும் காலால் கிளறிக்கொண்டே தனியாகப் போனார். திரும்பிப் பார்த்தால் கையில் முஷ்டி அளவுக்கு ஒரு கல். அதை வாய்க்குக் கொண்டுபோகிறார்.

"என்னங்க அது அசிங்கம்! நாய் என்ன பண்ணி வெச்சிருக்கோ!" என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

கல்லை நக்குவது எங்கள் ஊர் வழக்கம். காய்ந்த கல் எதையும் காட்டாது. நனைத்தால்தான் உள்ளே மினுக்குவது தெரியும். சுரங்கத்தில் வேலை செய்தவர் கையில் எந்தக் கல் கிடைத்தாலும் அது நேராக நாக்குக்குத்தான் போகும். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் நந்தி மலைக்குப் போனபோதே இவர் இதைச் செய்தார். யாரைக் கட்டிக்கொண்டோம் என்று அன்றைக்குக் கொஞ்சம் பயந்தேன்.

மணலில் காலை இழுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் பல வருடங்களாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"சரோஜா, இது கல்லு இல்ல. உடஞ்ச ஓரம் நாக்குல ஒட்டுது பாரு. எலும்பு இது."

வாங்கிப் பார்த்தேன். பெரிய சோழி போல ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் உதடு உள்ளே மடிந்திருந்தது. பழுப்பு நிறம். மணல் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகியிருந்தது. கையில் வைத்ததும் மணிக்கட்டு கீழே போயிற்று. எலும்பு இவ்வளவு கனக்குமா?

"எந்த மிருகத்தோடது?" என்று கேட்டேன்.

"ஆமா ஆமா" என்றார்.

ஆமா ஆமா

இந்த "ஆமா ஆமா"வைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முனுசாமி நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் மிஷின்காரர். மிஷின் என்றால் பாறையில் துளை போடும் டிரில். குனிந்தால் நிமிர முடியாத இடத்தில் அதைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிடும். எல்லா மிஷின்காரர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் ஒருவரும் வெளியே சொல்ல மாட்டார்கள். டாக்டர் சோதனையில் காது மந்தம் என்று தெரிந்தால் மிஷினைப் பிடுங்கிவிட்டு மேலே வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே வேலை என்றால் சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில், இறங்காதவனை மாப்பிள்ளை என்று மாமனார் வீட்டில்கூட மதிக்க மாட்டார்களாம்.

அதனால் ஒரு வித்தை கற்றுக்கொண்டார்கள். டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் காது நன்றாக இருக்கிற சின்னப் பையனாகப் பார்த்து அனுப்புவார்கள். அவன் வெளியே வந்து, இன்றைக்கு டாக்டர் என்ன வார்த்தை சொல்கிறார் என்று வாயசைத்துக் காட்டிவிட்டுப் போவான். வரிசை முழுக்கத் தேறிவிடும். வீட்டிலும் கடையிலும் எதிராளியின் உதட்டைப் படிப்பார்கள். உதடு தெரியாவிட்டால் இருக்கவே இருக்கிறது "ஆமா ஆமா". சந்தோஷத்துக்கு ஒரு ராகம், துக்கத்துக்கு ஒரு ராகம்.

சுரங்கத்தை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. அந்த டாக்டர் இல்லை, அந்த வரிசை இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் இன்னும் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். இல்லாத கம்பெனிக்குப் பயந்து, கட்டின பெண்டாட்டியிடமே காதை மறைத்தார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் கவிதா, காதுக்கு வைக்கும் மிஷின் வாங்கித் தருவதாக எத்தனை தடவை சொன்னாள்! "எனக்கு இன்னா வந்துது? நல்லாத்தான் கேக்குது" என்று எழுந்து போய்விடுவார்.

லீவுக்கு வரும் பேத்தி முதலில் தாத்தாவிடம் பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொல்வாள். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாள். "தாத்தாகிட்ட சொல்லி இன்னா பாட்டி? நாய் கடிச்சிதுன்னாலும் ஆமா ஆமான்றாரு" என்றாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். நாள் முழுக்க வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் பேசுகிறவள் நான் ஒருத்திதான். எனக்குத் தனியாக இருப்பது போலவே இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

சாந்தம்மாவின் பயம்

ஊருக்கு வந்ததும் எலும்பை டி.வி. பக்கத்தில் வைத்தார். மறுநாள் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு சாந்தம்மா அதைப் பார்த்தாள். பார்த்தவள் முதலில் செய்த காரியம், திரும்பிப் போய் எங்கள் வாசல் கதவைச் சாத்தியதுதான்.

"யக்கா, இன்னாக்கா இது? இத்தினி வருஷம் எங்க வெச்சிருந்தீங்க?"

"கடற்கரையில கிடைச்சது சாந்தம்மா. எலும்பு."

"எங்கிட்ட சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன். கனமா கீதே!"

சாந்தம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில், வீட்டில் கனமான கல் இருக்கிறது என்றால் அது தங்கம் கலந்த கல். திருட்டு. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை உதறிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தக் காலத்து வீடுகளில் ஊறுகாய் ஜாடிக்கு மேல் வைக்கக்கூட யாரும் கல் வைத்திருக்க மாட்டார்கள். எதற்கு வம்பு என்று செங்கல்தான் வைப்பார்கள்.

யாரிடமும் சொல்லாத சாந்தம்மாவின் தயவில், சாயங்காலத்துக்குள் இரண்டு பழைய சுரங்கக்காரர்கள் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" வந்தார்கள். காபி குடித்தார்கள். எலும்பைக் கையில் வாங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக நக்கிப் பார்த்தார்கள்.

"கல்லு இல்லப்பா" என்று இருவரும் சொல்லிவிட்டு ஏமாற்றத்தோடு போனார்கள். நான் அதை டெட்டால் போட்டுக் கழுவி வைத்தேன்.

மூன்று பக்கமும் வரைந்தேன்

நான் சுரங்கக் குடும்பத்துப் பெண் இல்லை. அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நானும் அங்கேயே வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். என் பேச்சைக் கேட்டு இவர் வீட்டு ஆட்கள் "பேக்டரிப் பொண்ணு ரேடியோவாட்டம் பேசுது" என்று கிண்டல் செய்வார்கள்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். பெயர் தெரியாத உதிரி பாகம் ஒன்று மேசைக்கு வந்தால் இது என்ன என்று யாரும் யோசிக்க மாட்டோம். முதலில் வரைவோம். மேலிருந்து ஒரு படம், முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. வரைந்து முடிப்பதற்குள் அது என்ன வேலைக்கானது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

அதே போல இதையும் வரைந்தேன். பழைய பெட்டியிலிருந்து காலிப்பரை எடுத்து, தடிமன், வளைவு, உதட்டின் இடைவெளி எல்லாம் அளந்து குறித்தேன். உள்ளே குடைவாக இருந்தது. ஏதோ பெரிய மிருகத்தின் மூட்டுக் கிண்ணம், இதற்குள் இன்னொரு எலும்பு உருண்டிருக்கும் என்று முடிவு கட்டினேன். ஆனால் உதட்டின் உள்பக்கம் எங்கேயும் தேய்மானமே இல்லை. தேயாத மூட்டு ஏது? என் முடிவு எனக்கே பிடிக்கவில்லை.

அவருடைய வழி வேறு. ஸ்பேனரால் எலும்பைத் தட்டுவார். சுரங்கத்தில் கூரைப் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கிண்ணென்றால் கெட்டி, தொம்மென்றால் விழப்போகிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் இவர் எலும்பைத் தாடையில் அழுத்தி வைத்துக்கொண்டு தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்காத காதுக்கு என்னத்தைத் தட்டறீங்க?" என்று கேட்டேன். கண் மூடியிருந்ததால் அதற்கு "ஆமா ஆமா"கூட வரவில்லை.

எலும்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஊர் சுற்றினோம். ஆண்டர்சன்பேட்டை கறிக்கடைக்காரர், "நான் வெட்டினதுல இந்த மாதிரி ஒண்ணு பாத்ததில்லம்மா" என்றார். மீன்காரம்மா, "மீனுக்கு ஏது இத்தினி கனம்? இத்த வெச்சிக்கினு அது முழுகித்தான் பூடும்" என்று சிரித்தாள். பேத்தமங்களாவில் கால்நடை டாக்டர் என் படத்தையும் எலும்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மாடில்லை, குதிரையில்லை, ஒட்டகமும் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார். வேறு என்ன என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

பதில் கிடைக்காதது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. இவர் விடியும்போதே எழுந்து எலும்பை வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆமை என்றார். அடுத்த நாள் முதலை என்றார். ஆமையை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று என்னோடு சண்டை போட்டார். சண்டை போட்டு எவ்வளவு காலமாகியிருந்தது! எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

போனில் கேட்ட கேள்வி

ஊருக்கு வந்திருந்த கவிதா, நான் வரைந்த படத்தை போனில் பிடித்துத் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினாள். அது யார் யார் கைக்கோ போய், தூத்துக்குடிப் பக்கத்தில் கடல் உயிர்களை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தது. ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, இந்தப் படம் நீங்க வரைஞ்சதா? அளவெல்லாம் இவ்வளவு துல்லியமா போட்டிருக்கீங்களே! இது திமிங்கலத்தோட காது எலும்பும்மா."

"காதா?"

"ஆமாம்மா. திமிங்கலத்துக்கு வெளியில காது மடல் கிடையாது. மண்டைக்குள்ள இது இருக்கும். உடம்பிலேயே ரொம்பக் கெட்டியான எலும்பு இது. மத்ததெல்லாம் மக்கிப் போனாலும் இது கடலடியிலேயே கிடக்கும்."

நான் இவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, "திமிங்கலம்! திமிங்கலத்தோட காது!" என்றேன்.

இவர் கையிலிருந்த எலும்பைப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். போன் என்றாலே காததூரம் ஓடுகிற மனிதர்!

"ஐயா வணக்கம். நீங்கதான் கண்டெடுத்தீங்களாமே. பக்கத்துல வேற எலும்பு ஏதாவது கிடந்துதா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஆமா ஆமா."

"கிடந்துதா? எத்தனை? எந்தப் பக்கம்?"

"ஆமா ஆமா."

"இல்லைங்கய்யா, எந்த இடம்னு தெரிஞ்சா நாங்க உடனே போய்த் தேடலாம். அலை அடிச்சிட்டுப் போயிடும். அதான் கேக்கறேன்."

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. நான் அப்போது முழங்கால் தண்ணீரில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். போனைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். இவர் கொடுக்கவில்லை.

எலும்பைப் பார்த்தார். போனைப் பார்த்தார். ஏதோ கேட்கிறார்கள், அது முக்கியமான கேள்வி, தனக்கு மட்டும்தான் பதில் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவர் மேல் அவ்வளவு இரக்கமாக இருந்தது. வாயில் இன்னொரு "ஆமா" தயாராக நின்றதையும் பார்த்தேன்.

"அம்மா" என்றார். "எனக்குக் காது கேக்காதும்மா. நான் மிஷின்காரன். நீங்க இன்னா கேக்கறீங்களோ அத்த எழுதி அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லணும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் சொல்லாததை, மகளிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டார். அதுவும் ஒரு செத்த திமிங்கலத்துக்காக! கோபம் வர வேண்டிய இடம்தான், ஆனால் வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது.

கேள்விகள் போனில் எழுத்தாக வந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். தட்டச்சு வராததால் குரலாகவே பதிவு செய்து அனுப்பக் கற்றுக்கொடுத்தேன். பனைமரங்கள் முடியும் இடத்தில், உடைந்த படகுக்குக் கடல் பக்கமாக, மணலில் புதைந்து இன்னொன்று பெரிதாக இருந்தது, ஓரம் மட்டும் தெரிந்தது, கல் என்று நினைத்துக் காலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை என்று, கேஜிலிருந்து இறங்கி வழி சொல்வது போல அத்தனை கணக்காகச் சொன்னார்.

எலும்பைத் தட்டிப் பார்த்ததையும் சொல்லியிருந்ததால், சத்தம் எப்படி இருந்தது என்றும் ஒரு கேள்வி வந்தது.

"சத்தம் எனக்குத் தெரியாதும்மா. தாடையில வெச்சிப் பாத்தன். ஒரே சீரா வருது. உள்ள விரிசல் இல்ல" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "கீழ லெவல்ல பாறை வெடிக்கறதுக்கு முன்னாடி முனகும்மா. காது செத்தவனுக்கு அது எப்டி கேக்கும்? கம்பியோட ஒரு மொனய பாறையில வெச்சி, இன்னொரு மொனய தாடையில வெச்சிக்குவன். அதுல தெரியும். நான் சொல்லி எல்லாரும் வெளிய ஓடி வந்து, பின்னாடியே பாறை எறங்கினது கீது."

பூமிக்குள் பாறை தானாக வெடிப்பதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அதைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள். கம்பியும் தாடையும் கதை எனக்கே அன்றுதான் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து பதில் வந்தது. "ஐயா, திமிங்கலத்துக்கும் சத்தம் தாடை வழியாகத்தான் காதுக்குப் போகிறது." அதை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். சாந்தம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த செய்தி அவ்வளவு நல்லதில்லை. திமிங்கலத்தின் எந்தப் பாகத்தையும் வீட்டில் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லையாம். கோலாரில் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், நான் பேசி வைக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சுரங்கத்துலேர்ந்து ஒரு பொட்டுக் கல்லு எடுத்தாந்தவன் இல்ல நானு. இப்ப போய் திருட்டுப் பொருளு வெச்சவனா பூட்டன் பாரு!"

சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். "உனுக்குத் தெரியுமா?"

"எது?"

"எனக்குக் கேக்காதுன்னு."

"தெருவுக்கே தெரியும்ங்க" என்றேன், உதடு தெரியும்படி.

எலும்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கேப்டனுக்கு?"

கேப்டன் என்பது அவர்கள் சுரங்கத்து மேலாளர். போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருடங்கள் ஆகிவிட்டன. மனுஷன் இன்னமும் அவருக்குப் பயப்படுகிறாரே!

"அவருக்கும் தெரிஞ்சுதான் இருக்கும். விட்டிருப்பாரு" என்றேன்.

கோலார் பஸ்ஸில்

எலும்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு என் முகம் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தார்.

"பாரஸ்ட் ஆபீஸ் முடிச்சிட்டு அப்டியே பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவராகச் சொன்னார்.

"போலாம்" என்றேன். அதிகம் பேசினால் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று பயம்.

"அங்க இன்னா கேப்பாங்க?"

"ஏதாவது சத்தம் வெச்சு, கேக்குதா கேக்கலையான்னு கேப்பாங்க."

"கேக்கலன்னா?"

"கேக்கலைன்னு சொல்லுங்க. வாயைப் பாத்து ஊகிச்சு சொல்லாதீங்க. உண்மையைச் சொன்னாத்தான் மிஷின் சரியா வெச்சுத் தருவாங்க."

யோசித்தார். காலமெல்லாம் எதிர்ப் பக்கமாகவே பழகிய நாக்கு, சுலபத்தில் திரும்புமா? வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு சத்தமாகவே சொல்லிப் பார்த்தார்.

"கேக்கல."

"கேக்கலைங்க."

"டாக்டர், எனக்குக் கேக்கல."

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். மெதுவாகச் சொல்லுங்கள் என்று தொடையில் தட்டலாமா என்று என் கை போயிற்று. தட்டவில்லை.

முன்னால் இரண்டு சீட் தள்ளி ஒரு வயதானவர் மட்டும் திரும்பாமல் இருந்தார். எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று பிறகுதான் மெதுவாகத் திரும்பினார். அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் உதட்டையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

படித்து முடித்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"எனக்கும்தாம்பா!" என்றார், இவரைவிடச் சத்தமாக.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி அவரையே பார்த்தாள். பிறகு சீட்டின் மேலாக என் பக்கம் எட்டி, "டாக்டர் எத்தினி மணி வரைக்கும் இருப்பாருங்க?" என்று கேட்டாள்.